செம்பில் பதிந்த கொல்லர்கள்

ஆண்ட்வெர்ப் நகரத்து ஓவியர் பால்தசார் சோல்வின்ஸ் 1791இல் கல்கத்தா வந்தார். மற்ற ஐரோப்பிய ஓவியர்கள் துரைமார்களின் உருவங்களை எழுதிப் பொருள் தேட, இவரோ பல்லக்குகளுக்கும் கோச்சு வண்டிகளுக்கும் வர்ணம் தீட்டிப் பிழைத்தார்.

அவர் மனம் நாடியது உழைக்கும் மக்களை. வங்காளிகள் காமார் என்று அழைக்கும் கொல்லர், கான்சாரி என்னும் கன்னார், தட்டார் ஆகியோரைச் செப்புத் தகட்டில் பொறித்து அச்சிட்டார். செம்பை அடித்தவர்கள் செம்பிலேயே பதிந்தார்கள்! 250 வண்ணச் சித்திரங்கள் கொண்ட அத்தொகுப்பு 1799இல் இந்நகரிலேயே வெளியாயிற்று. விற்பனையோ படுதோல்வி.

இன்று அவை அரிய சரித்திரச் சான்றுகள். ஆனால் அவற்றில் தொழிலின் பெயர் உண்டு. தொழிலாளியின் பெயர் இல்லை. பவானிபூரில் கான்சாரிபாரா சாலையைக் கடக்கும் தமிழன்பர்கள், பேர் தெரியாத அந்தக் கைகளைச் சற்றே நினைத்துக்கொள்ளலாம்.