கிருமி இல்லை, ஆனாலும் வலி உண்டு

நீர்க்கடுப்பு என்றால் என்ன என்று பெண்களுக்குத் தெரியும். சிறுநீர் போகும்போது எரியும். அடிக்கடி போக வேண்டும் போல இருக்கும். பெரும்பாலும் கிருமி தொற்றுவதால் இது வருகிறது. டாக்டர் தரும் மாத்திரையைச் சாப்பிட்டால் சில நாளில் சரியாகிவிடும்.

சில பெண்களுக்கு அப்படிச் சரியாவதில்லை. மாத்திரை முடிந்த பிறகும் அடிவயிறு வலிக்கிறது. மாதக்கணக்கில் வலிக்கிறது. சோதனை செய்தால் கிருமி இல்லை என்று சீட்டு வருகிறது. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டிலும் நம்புவதில்லை. வேலை செய்யச் சோம்பல் என்கிறார்கள்.

இந்த வலி பொய் அல்ல. இது ஒரு நோய். இதைச் சிறுநீர்ப்பை வலி நோய் என்று சொல்லலாம். இது புதிதாக வந்த நோயும் அல்ல. ஹன்னர் என்ற அமெரிக்க டாக்டர் சில பெண்களின் சிறுநீர்ப்பைக்குள் புண்கள் இருப்பதைப் பார்த்தார். 1915ஆம் ஆண்டிலேயே அதைப் பற்றி எழுதினார். ஆனால் பலருக்குப் புண் எதுவும் தெரியாது. அப்போதும் வலி உண்மைதான்.

சிறுநீர்ப்பை என்ன செய்கிறது?

நம் உடலில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. அவை இரத்தத்தைச் சுத்தம் செய்கின்றன. கழிவு நீரைப் பிரிக்கின்றன. அந்த நீர் அடிவயிற்றில் உள்ள ஒரு பையில் சேர்கிறது. அதுதான் சிறுநீர்ப்பை. அது பலூன் போல விரியும், சுருங்கும்.

பை நிறைந்தால் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்பும். நாம் சிறுநீர் கழிப்போம். வலி இருக்காது. இந்த நோயில் கொஞ்சம் சிறுநீர் சேர்ந்தாலே வலி தொடங்குகிறது. பை நிறைய நிறைய வலி கூடுகிறது. சிறுநீர் போனதும் கொஞ்சம் குறைகிறது. பிறகு மறுபடி வருகிறது.

பையின் உள்பக்கத்தில் ஒரு மெல்லிய பூச்சு உண்டு. சிறுநீரின் காரம் தாக்காமல் அது காக்கிறது. சிலருக்கு அந்தப் பூச்சு பழுதாகி இருக்கலாம். சிலருக்கு நரம்புகள் அளவுக்கு மீறி உணரலாம். இடுப்பின் அடியில் உள்ள தசைகள் இறுகி இருக்கலாம். முழுக் காரணம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் இது புற்றுநோய் அல்ல. ஒருவரிடம் இருந்து ஒருவருக்குத் தொற்றாது. ஒழுக்கக் கேட்டால் வருவதும் அல்ல.

தீட்டு நிற்கும் வயதில்

நம் நாட்டில் பெண்களுக்கு 46, 47 வயதை ஒட்டித் தீட்டு நிற்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே உடலில் மாற்றம் தொடங்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு குறையும். அதனால் பிறப்புறுப்பும் சிறுநீர் வரும் வழியும் உலர்ந்து மெலிந்துபோகும். எரிச்சல் வரும். உறவின்போது வலிக்கும். கிருமியும் எளிதாகத் தொற்றும்.

சிறுநீர்ப்பை வலி எந்த வயதிலும் வரலாம். ஆனால் இந்த வயதில் இரண்டும் கலந்துவிடும். எது எதனால் என்று தெரியாமல் போகும். "வயசானா அப்படித்தான்" என்று பெண்களே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை. உலர்ச்சிக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஹார்மோன் களிம்பு உண்டு. அதை டாக்டர் சொன்னால் மட்டுமே பயன்படுத்த வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

முதலில் சோதனை

வலி ஆறு வாரத்துக்கு மேல் இருக்கிறதா? கிருமியும் இல்லையா? அப்போது சிறுநீர்ப்பை வலி நோயாக இருக்கலாம். ஆனால் வேறு நோய் இல்லை என்று முதலில் பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பையில் கல் இருந்தாலும் வலிக்கும். சர்க்கரை நோய் இருந்தால் அடிக்கடி சிறுநீர் வரும். கர்ப்பப்பைக் கோளாறாலும் அடிவயிறு வலிக்கலாம்.

நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. காசநோய் நுரையீரலுக்கு மட்டும் வருவதல்ல. சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் வரும். சோதனையில் சீழ் அணு இருக்கும். சாதாரணக் கல்ச்சர் சோதனையில் கிருமி வளராது. அப்போது காசநோய்க்கான சோதனையும் செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் அந்தச் சோதனையும் மருந்தும் இலவசம்.

கிருமி இல்லாதபோது கிருமி மாத்திரையைத் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிடுவது தவறு. வலி தீராது. உண்மையில் கிருமி வரும்போது அந்த மாத்திரை வேலை செய்யாமல் போகலாம்.

நோட்டில் எழுதுங்கள்

எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணின் கையில் ஒரு நல்ல கருவி இருக்கிறது. அது ஒரு சின்ன நோட்டு. மூன்று நாள் எழுதினால் போதும். எத்தனை மணிக்குச் சிறுநீர் போனது? எவ்வளவு போனது? வலி எவ்வளவு? என்ன குடித்தீர்கள், சாப்பிட்டீர்கள்? இவற்றை எழுத வேண்டும்.

சிறுநீரை அளக்க அளவுக்கோடு போட்ட பழைய டம்ளர் ஒன்றைத் தனியாக வையுங்கள். வலிக்கு எண் கொடுங்கள். 0 என்றால் வலி இல்லை. 10 என்றால் தாங்க முடியாத வலி. இப்படி எழுதலாம்:

காலை 6 மணி. 150 மில்லி. வலி 4.
காலை 7 மணி. டீ குடித்தது.
காலை 7.30 மணி. 60 மில்லி. வலி 7.
காலை 8.15 மணி. 50 மில்லி. வலி 6.

இதைப் பார்த்தால் டாக்டருக்குப் பல விஷயம் புரியும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை போகிறதா? இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள்? எதைச் சாப்பிட்ட பிறகு வலி கூடுகிறது? வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் நோட்டைக் காட்டினால் போதும். 'மனசுதான் காரணம்' என்று யாரும் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

வலியைக் குறைக்கும் வழிகள்

எல்லாருக்கும் பலன் தரும் ஒரே மருந்து இதற்கு இல்லை. ஆனால் வலியைக் குறைக்கப் பல வழி உண்டு.

தண்ணீர்: சிறுநீர் வரும் என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது. அப்போது சிறுநீர் கெட்டியாகி இன்னும் எரியும். ஒரேயடியாகக் குடிக்காமல் பகல் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும்.

சாப்பாடு: டீ, காபி, தக்காளி, ஆரஞ்சு, அதிகக் காரம், சோடா ஆகியவை சிலருக்கு வலியைக் கூட்டும். சூட்டுக்கு நல்லது என்று எலுமிச்சைச் சாறு குடிப்போம். இந்த நோயில் அதுவே வலியைக் கூட்டலாம். இரண்டு வாரம் இவற்றை நிறுத்திப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். எது ஆகாது என்று நோட்டே சொல்லும். ஆகாததை மட்டும் விட்டால் போதும். எல்லாவற்றையும் விட்டுப் பட்டினி கிடக்க வேண்டாம்.

ஒத்தடம்: அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் தசை தளரும்.

பழக்கம்: வலி குறைவாக உள்ள நாளில், சிறுநீர் வந்ததும் உடனே ஓடாமல் 10 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள். வலி அதிகமான நாளில் அடக்க வேண்டாம்.

மருந்து: அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையைக் குறைந்த அளவில் டாக்டர் தரலாம். அது மனச்சோர்வுக்கும் தரும் மாத்திரை. அதைக் கேட்டுப் பயந்து நிறுத்த வேண்டாம். நரம்பு வலியைக் குறைக்கவே இங்கே தருகிறார்கள். தூக்கம் வரும், வாய் உலரும். டாக்டர் சொன்னபடி இரவில் சாப்பிட வேண்டும்.

இவற்றால் குறையாவிட்டால் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே சிறுநீரகப் பிரிவு டாக்டர் சின்னக் குழாய்க் கேமரா மூலம் பையின் உள்ளே பார்ப்பார். புண் இருந்தால் அதற்குச் சிகிச்சை செய்வார். குழாய் வழியாகப் பைக்குள் மருந்து விடும் முறையும் உண்டு.

வீட்டார் செய்ய வேண்டியது

இரவில் நாலைந்து முறை எழுந்த பெண்ணுக்குக் காலையில் உடம்பு ஓயும். வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். பஸ் பயணத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முன்பே விசாரியுங்கள். உறவின்போது வலிக்கிறது என்றால் கணவர் அதை மதிக்க வேண்டும். அது வெறுப்பு அல்ல, வலி.

உடனே டாக்டரிடம் போக வேண்டியவை

சிறுநீரில் இரத்தம் வந்தால்.
குளிர் காய்ச்சலும் முதுகு வலியும் வந்தால்.
சிறுநீரே போகாமல் அடைத்துக்கொண்டால்.
தீட்டு நின்று ஓராண்டு ஆன பிறகு மறுபடி இரத்தப்போக்கு வந்தால். அது கொஞ்சமாக இருந்தாலும் போக வேண்டும்.

கலந்து பேசுங்கள்

1. அடிவயிற்று வலியைப் பெண்கள் ஏன் வெளியே சொல்வதில்லை?
2. உங்கள் ஊரில் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது உண்டா? ஏன்?
3. பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ச் சோதனை செய்கிறார்களா? ஆஷா பணியாளரிடமோ செவிலியரிடமோ கேட்டு எழுதுங்கள்.