உங்களுக்குத் தெரியுமா? ஒரு ரூபாயில் யார் கையெழுத்து?

ஒரகடம் பக்கம் வடக்குப்பட்டில் 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்திப் பழங்காலக் கற்கருவிகளை எடுத்தது. அந்த ஊர்க்காரர்கள் மண்ணைத் தோண்டாமலே வீட்டுப் பீரோவில் தேடக்கூடிய பழம்பொருள் ஒன்று உண்டு: ஒரு ரூபாய்த் தாள்.

மற்ற நோட்டுகளில் ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்திடுவார். ஒரு ரூபாய் மட்டும் மத்திய அரசின் வெளியீடு. அதில் இருப்பது நிதித்துறைச் செயலாளரின் கையெழுத்து. அதனால்தான் ‘தர உறுதியளிக்கிறேன்’ என்ற வாசகமும் அதில் கிடையாது. சுதந்திர இந்தியாவின் முதல் ஒரு ரூபாய்த் தாளில் (1949) இருப்பது கே.ஆர்.கே. மேனனின் கையெழுத்து.

சேகரிப்பாளர்களுக்கு ருசியான ஜோடிகளும் உண்டு. மன்மோகன் சிங் செயலாளராக ஒரு ரூபாயிலும், பிறகு ஆளுநராகப் பெரிய நோட்டுகளிலும் கையெழுத்திட்டவர். நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணனும் அப்படியே.

இவையெல்லாம் அச்சுக் கையெழுத்துகள். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் 1776 நோட்டுகளில் மை தொட்டே கையெழுத்திட்டார்கள். அவர்களில் ஒருவர், விடுதலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட ஜான் ஹார்ட். அங்கே அப்படிக் கையால் ஒப்பமிட்ட பழைய நோட்டுகளுக்கென்றே தனிச் சந்தை இருக்கிறது.

1994-ல் நின்ற ஒரு ரூபாய் அச்சடிப்பு 2015-ல் மீண்டும் தொடங்கியது. பழைய தாள் கிடைத்தால் லேமினேட் செய்யாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், மதிப்பு போய்விடும்.