மட்டைதான் அடுப்படி, வெயில்தான் விறகு!

"என்னங்கண்ணே இது? உரமும் போட்டாச்சு, மழையும் பேயுது, குலையை மட்டும் காணோமே!"

செம்பனைக் காட்டில் குலை வெட்டும் தோழர்கள் இப்படி அலுத்துக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். குலை குறைந்தால், டன் கணக்கில் கூலி வாங்குகிறவர் வீட்டு அரிசிப் பானையும் குறைகிறது. போதாக்குறைக்கு, "ஆளு ஒழுங்கா வெட்டல" என்று மண்டோர் ஏசுவதும் உண்டு. குற்றம் ஆள் மேலா, மரத்தின் மேலா? மரம் எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

மரத்துக்குச் சோறு போடுவது உரம் என்று நினைக்கிறோம். அது சரியல்ல. உரம், குழம்புக்கு உப்பு மாதிரி. சோறு ஆக்குவது இலை. காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சும் நீரையும் சேர்த்து, வெயிலை விறகாக வைத்து, பச்சை இலை சர்க்கரை ஆக்குகிறது. அந்தச் சர்க்கரைதான் மட்டையாகிறது, வேராகிறது, பழத்தில் எண்ணெயாகிறது. ரப்பர் மரத்தில் பாலாக வடிவதும் அதிலிருந்து வந்ததுதான். இலை உதிர்காலத்தில் பால் குறைவது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

ஆக்கிய சோற்றில் பெரும்பங்கை மரம் தன் உயிரைத் தாங்கவே செலவழித்துவிடும். எல்லாம் போக உடலில் தங்குவது, காட்டில் விழுந்த வெயிலில் நூற்றுக்கு ஒரு பங்கு, இரண்டு பங்குதான்!

உதிரிப் பழத்தை எலி தின்கிறது. எலியைக் கூகை பிடிக்கிறது. தின்றதில் பெரும்பகுதி உடல் சூட்டுக்கும் ஓட்டத்துக்கும் போய்விடும். பொதுவாக ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறுவது பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் குறைவு. அதனால்தான் எலி ஏராளம், கூகை கொஞ்சம். அபசகுனம் என்று கூகையை விரட்டாதீர்கள். நம் கூலிக்குரிய பழத்தைக் காக்கும் காவல்காரன் அது.

சரி, விளைச்சலைத் தடுப்பது எது? தோசைக்கு அரிசி ஒரு மூட்டை இருந்து, உளுந்து ஒரே சுண்டு இருந்தால் எத்தனை தோசை சுடலாம்? உளுந்து உள்ள அளவுதானே! பயிரும் அப்படித்தான். எது மிகக் குறைவோ அதுவே விளைச்சலை நிறுத்தும். இந்த விதியை 19-ஆம் நூற்றாண்டில் பரப்பியவர் ஜெர்மனிய அறிஞர் லீபிக்.

செம்பனை அதிகம் கேட்பது பொட்டாஷ் உரம். அது குறைந்தால் கீழ்மட்டைகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் விழும். மெக்னீசியம் குறைந்தால் வெயில் படும் ஓலை மஞ்சளாகும், நிழலில் மறைந்த பாகம் பச்சையாகவே இருக்கும். இதை முதலில் காண்பது ஆபீசில் இருப்பவரல்ல, காட்டில் நிற்கும் நீங்கள்தான். கண்டவுடன் கிராணியிடம் சொல்லுங்கள்.

தண்ணீர் குறைந்தால் இலை தன் நுண்ணிய வாய்களை மூடிக்கொள்ளும். காற்று உள்ளே போகாது, அடுப்பு அணையும். வாடிய மரம் பெண்பூவைக் குறைத்து ஆண்பூவை அதிகம் விடும். ஆண்பூவில் குலை ஏது? பூ ஆணா பெண்ணா என்பது, குலை வெட்டுவதற்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் முன்பே முடிவாகிவிடுகிறது! 2015-16-இல் எல் நினோ வறட்சி வந்தது. 2015-இல் சுமார் 1 கோடியே 99 லட்சம் டன்னாக இருந்த மலேசியப் பனை எண்ணெய் உற்பத்தி, 2016-இல் சுமார் 1 கோடியே 73 லட்சம் டன்னாக இறங்கியது. நாடு முழுக்க ஆட்கள் ஒரே வருஷத்தில் சோம்பேறிகளாகிவிட்டார்களா என்ன?

ஆகவே தோழர்களே, குலை குறைந்தால் எல்லாப் பழியையும் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். போன வருஷத்து மழையையும், அதற்கு முந்தின வருஷத்து மழையையும், உரம் போட்ட கணக்கையும் கேளுங்கள், சங்கத்தில் எடுத்துச் சொல்லுங்கள். நம் பங்கையும் மறக்க வேண்டாம். உரத்தை ஒரே இடத்தில் கொட்டாமல் பரப்பிப் போடுவோம். பச்சை மட்டையை அளவுக்கு மீறி வெட்டாமல் இருப்போம். வெட்டிய மட்டையை நிரைக்கு நடுவே அடுக்கினால் மக்கி மண்ணுக்கே உரமாகும்.

அடுப்படியை இடித்துவிட்டுச் சோறு கேட்க முடியுமா?