பெயர் ஐசியில் இருக்கிறது, கணினியில் இல்லை!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இணையத்தில் பாரம் பூர்த்தி செய்வதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், “இதில் பேச என்ன இருக்கிறது? பெயரை எழுதிப் பொத்தானைத் தட்டினால் வேலை முடிந்தது” என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வெகுசனத் தொடர்பியலில் டிப்ளோமா முடித்துவிட்டு மைக் பிடிக்க வந்தவள் நான். கணினிப் பொறியாளர் அல்ல. ஆனால் ஒரு சனிக்கிழமை காலை என் எண்ணத்தை மாற்றிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன், தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குப் புத்தகப்பையும் காலணியும் வழங்கும் ஓர் ஏற்பாட்டை எங்கள் நிகழ்ச்சியில் அறிவித்தோம். பதிவு முழுக்க இணையத்தில்தான். பொருள்களை எடுத்துக்கொடுக்கும் நாளன்று நானும் முகப்பிடத்தில் நின்றிருந்தேன். சாலாக் செலாத்தானிலிருந்து ஓர் அம்மா மகனுடன் வந்தார். அவர் பெயரை லெட்சுமி என்று வைத்துக்கொள்வோம். துப்புரவு வேலை செய்பவர். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்.

தன்னார்வலர் ஒருவர் ஐசியை வாங்கிப் பெயரைத் தட்டினார். “பெயர் இல்லை” என்றது கணினி. ஐசி எண்ணைத் தட்டினார். மீண்டும் “இல்லை”. அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: “தங்கச்சி, ஐசியில இருக்கிற பேரைத்தானே சொல்றேன். இங்க இல்லைன்னா நான் வேற எங்க போய்த் தேடுறது?”

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒருவர் முழுப் பட்டியலையும் திறந்து, வரிவரியாகக் கண்ணால் பார்த்து அவர் பெயரைக் கண்டுபிடித்தார். பையனுக்குப் பை கிடைத்தபோது மதியம் தாண்டிவிட்டது. பெயர் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. பிறகு ஏன் கிடைக்கவில்லை? நிரல் எழுதத் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பொத்தானைத் தட்டியதும் என்ன நடக்கிறது?

நாம் காணும் பாரம் நம் கைப்பேசியில் தெரிகிறது. ஆனால் வேலை நடப்பது எங்கோ இருக்கும் செர்வர் கணினியில். பொத்தானைத் தட்டியதும், “பெயர் இது, ஐசி எண் இது, முகவரி இது” என்று ஒரு பொட்டலம் கட்டி அங்கே அனுப்பப்படுகிறது. அங்குள்ள நிரல் பொட்டலத்தைப் பிரித்து, சரிபார்த்து, தரவுத்தளம் என்னும் பேரேட்டில் எழுதி வைக்கிறது. தேடும்போதும் இதே கதைதான். நாம் தட்டிய சொல் அங்கே போகிறது. பேரேட்டைப் புரட்டிப் பார்த்து நிரல் பதில் அனுப்புகிறது.

இப்படிப்பட்ட நிரல்களை எழுத உலகெங்கும் பயன்படும் மொழிகளில் ஒன்று பிஎச்பி. ராஸ்மஸ் லெர்டோர்ஃப் என்பவர் 1995ஆம் ஆண்டு அதைப் பொதுவில் வெளியிட்டார். அதன் தொடக்ககாலப் பெயர்களில் ஒன்றிலேயே ‘பாரங்களைப் புரிந்துகொள்ளும் கருவி’ என்ற பொருள் இருந்தது. பாரமும் தேடலும் இணையத்தின் அடிப்படை வேலைகள் என்பதற்கு இதுவே சான்று.

பொட்டலத்தை அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. ‘கெட்’ என்னும் வழியில் நாம் எழுதியது அகப்பக்க முகவரியிலேயே வெளிப்படையாக ஒட்டிக்கொள்ளும். அஞ்சலட்டை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் தேட, செய்தி தேட இது போதும். ‘போஸ்ட்’ என்னும் வழியில் விவரம் முகவரியில் வராது. ஐசி எண்ணை அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவோமா? மாட்டோம் அல்லவா? இதிலும் அதே கவனம் வேண்டும்.

சாய்கோடு செய்த குற்றம் என்ன?

இனி லெட்சுமி அம்மாவின் கதைக்கு வருவோம். நம்மவர்களின் ஐசியில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ இருக்கும். அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான் என்பதன் சுருக்கம் அது. அந்தப் பாரத்தை வடிவமைத்தவர், பெயர் என்றால் எழுத்தும் இடைவெளியும் மட்டும்தான் என்று முடிவு செய்திருந்தார். அம்மாவுக்காக அவர் மகள் கைப்பேசியில் பாரத்தை நிரப்பியபோது, “பெயரில் தவறான குறி உள்ளது” என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. பிள்ளை என்ன செய்யும்? சாய்கோட்டை எடுத்துவிட்டு அனுப்பிவிட்டது. முகப்பிடத்தில் இருந்தவரோ ஐசியில் உள்ளபடி சாய்கோட்டோடு தேடினார். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள்!

ஐசி எண்ணிலும் இதே சிக்கல்தான். நமது மைகார்டு எண்ணில் 12 இலக்கங்கள் உண்டு. முதல் ஆறும் பிறந்த தேதி, அடுத்த இரண்டும் பிறந்த இடத்தின் குறியீடு. சிலாங்கூருக்கு 10, கோலாலம்பூருக்கு 14 என்பது பலருக்கும் தெரியும். அட்டையில் நடுவே இரண்டு சிறு கோடுகள் இருக்கும். மகள் கோடுகளோடு எழுதினார். தன்னார்வலர் கோடுகள் இல்லாமல் தேடினார்.

தீர்வு மிக எளிது. ஐசி எண் வந்ததும் கோட்டையும் இடைவெளியையும் நீக்கிவிட்டு 12 இலக்கங்களை மட்டும் சேமிக்க வேண்டும். தேட வருகிற எண்ணுக்கும் அதையே செய்ய வேண்டும். மாதம் 01 முதல் 12க்குள் இருக்கிறதா என்பது போன்ற சோதனைகளையும் செய்யலாம். ஆனால் இந்தச் சோதனைகள் செர்வரிலும் நடக்க வேண்டும். கைப்பேசியில் வரும் சிவப்பு எழுத்து ஒரு மரியாதைக்கான எச்சரிக்கை மட்டுமே. விஷயம் தெரிந்தவர் அதைத் தாண்டி நேராகச் செர்வருக்கே பொட்டலம் அனுப்பிவிட முடியும்.

எண்ணைத் திருத்தலாம், பெயரைத் திருத்தக் கூடாது. இதுதான் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம். பெட்டாலிங் ஜெயாவிலும் ஷா ஆலாமிலும் சாலைப் பெயர்களிலேயே சாய்கோடு உண்டு. இந்த நாட்டில் சாய்கோட்டை ஏற்காத பாரம், இந்த நாட்டுக்கான பாரமே அல்ல.

குறிகளைக் கண்டு ஏன் பயம்?

பாரம் செய்பவர்கள் குறிகளைத் தடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் டி'குருஸ், டி'சில்வா என்று பெயர் கொண்டவர்கள் இருக்கிறார்கள். தரவுத்தளத்திடம் பேசும் எஸ்கியூஎல் மொழியில், பெயரை ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் எழுதுவது வழக்கம். நிரலர் கவனமில்லாமல் பெயரை அப்படியே ஒட்டவைத்தால் கட்டளை இப்படி ஆகிவிடும்:

பெயர் = 'டி'குருஸ்'

பெயர் ‘டி’ என்பதோடு முடிந்துவிட்டது என்று கணினி நினைத்துக்கொள்ளும். ‘குருஸ்’ என்பதைக் கட்டளையாகப் படிக்க முயன்று குழம்பி நின்றுவிடும். டி'குருஸ் எந்தத் தப்பும் செய்யவில்லை, பாவம். ஆனால் ஒரு தீயவன் இந்த ஓட்டையை வேண்டுமென்றே பயன்படுத்த முடியும். பெயர் கேட்கும் இடத்தில் மேற்கோள் குறியைப் போட்டு, அதன்பின் “அல்லது '1'='1” என்று அவன் எழுதினால், ஒன்றுக்கு ஒன்று எப்போதும் சமம் அல்லவா? எல்லாருடைய விவரமும் வந்து விழும்.

இது கற்பனைக் கதை அல்ல. 1998ஆம் ஆண்டிலேயே ‘ஃபிராக்’ என்ற இதழில் ஜெஃப் ஃபொரிஸ்டல் இந்த முறையை எழுதிவிட்டார். அதற்கு 17 ஆண்டுகள் கழித்து, 2015 அக்டோபரில், பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் 156,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் இதே வழியில் திருடப்பட்டன. மறு ஆண்டு அந்நிறுவனத்துக்கு 400,000 பவுண்ட் அபராதம் விதிக்கப்பட்டது.

அதற்காக மேற்கோள் குறியையே தடை செய்வது, திருடன் வருவான் என்று வீட்டுக்காரரையும் உள்ளே விடாமல் கதவைப் பூட்டுவதற்குச் சமம். சரியான வழி வேறு. கட்டளையை முதலில் தனியாகத் தயார் செய்து, பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியை மட்டும் வைக்க வேண்டும். பெயரைப் பிறகு தனியாகக் கொடுக்க வேண்டும். அப்போது அதில் என்ன குறி இருந்தாலும் கணினி அதைப் பெயராகவே எடுத்துக்கொள்ளும், கட்டளையாகப் படிக்காது. பிஎச்பியில் 2005ஆம் ஆண்டு வந்த 5.1 பதிப்பிலிருந்தே பிடிஓ என்ற வசதியின் மூலம் இதைச் செய்ய முடிகிறது. ஆக, ‘பாதுகாப்புக்காகத்தான் தடுக்கிறோம்’ என்று இன்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. பெயர் என்று சொல்லி யாராவது ஒரு சிறு நிரலையே எழுதி அனுப்பினால், அதைத் திரும்பத் திரையில் காட்டும்போது அது பிறருடைய கணினியில் ஓடிவிடும். ஆகவே, சேமிக்கும்போது உள்ளது உள்ளபடி சேமித்துவிட்டு, திரையில் காட்டும்போது < போன்ற குறிகளை வெறும் எழுத்தாக மாற்றிக் காட்ட வேண்டும்.

ஒரே பெயர், எத்தனை எழுத்து!

சாய்கோடு சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நம் பெயர்களைத் தேடுவது எளிதல்ல. தோட்டப்புறங்களில் அந்தக் காலத்தில் பிறப்பைப் பதிந்தவர்கள், காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதிவிட்டார்கள். ஒரு வீட்டில் அண்ணன் பெயரில் முனியாண்டிக்குக் கடைசி எழுத்து ‘ஐ’, தம்பி பெயரில் அதே முனியாண்டிக்கு ‘ஒய்’. லெட்சுமி, லெட்ச்மி, லெச்சுமி, லக்ஷ்மி என்று ஒரே பெயரைப் பல விதமாக எழுதுகிறோம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் இங்கே தோற்றுத்தான் போகும்.

ஒலியை வைத்துத் தேடும் முறை அமெரிக்காவில் எப்போதோ வந்துவிட்டது. சவுண்டெக்ஸ் என்ற அந்த முறைக்கு 1918ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருக்கிறார்கள். முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, மற்ற மெய்யொலிகளுக்கு எண் கொடுப்பார்கள். சுப்ரமணியம் என்பதை நடுவில் எந்தப் பகர எழுத்தைப் போட்டு எழுதினாலும் இதில் ஒரே குறியீடுதான் வரும். ஆனால் லெட்சுமிக்கு எல்325, லக்ஷ்மிக்கு எல்250 என்று வருகிறது. அவர்கள் ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்த முறை நம் பெயருக்கு முழுமையாகப் பொருந்தவில்லை.

நம் பெயருக்கு நாம்தான் விதி செய்ய வேண்டும். அது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. பெயரை ஐசியில் உள்ளபடி ஒரு கட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கட்டத்தில், தேடுவதற்காக மட்டும் ஒரு சாவியை உருவாக்குங்கள். அதில் ஏ/எல், ஏ/பி, புள்ளி, இடைவெளி எல்லாவற்றையும் நீக்குங்கள். கடைசி ‘ஒய்’யை ‘ஐ’ ஆக்குங்கள். ‘ட்ச’, ‘க்ஷ’, ‘ச்ச’ மூன்றையும் ஒன்றாக்குங்கள். முதலெழுத்துக்குப் பின் வரும் உயிரொலிகளை எடுத்துவிடுங்கள். மேலே சொன்ன எல்லா லெட்சுமிகளுக்கும் ஒரே சாவி வந்துவிடும்.

தமிழ் எழுத்திலேயே பெயரை வாங்கினாலும் கவனம் தேவை. ‘லெட்சுமி’ நமக்கு நான்கு எழுத்து. கணினியின் யூனிகோட் முறையில் அது எட்டுக் குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 24 பைட். இருபது பைட் இடம் ஒதுக்கினால் பெயர் பாதியில் வெட்டுப்படும். ‘பொன்னம்மா’வில் உள்ள ‘பொ’வை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் தேடலில் சிக்காது. இரண்டையும் ஒரே வடிவமாக்கிய பிறகே ஒப்பிட வேண்டும்.

தேடலுக்கும் ஓர் எல்லை

எல்லாம் கிடைக்கட்டும் என்று கதவை அகலத் திறந்துவிடவும் கூடாது. சில தேடல் பெட்டிகளில் வெறும் % குறியைத் தட்டினாலே முழுப் பட்டியலும் கொட்டும். உதவி கேட்டு வந்தவர்களின் பட்டியல் அது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நம் நாட்டில் நடப்பில் இருக்கிறது. முகப்பிடத்தில் தேடுபவருக்கு நெருங்கிய பெயர்கள் சிலவும் ஐசியின் கடைசி நான்கு இலக்கங்களும் தெரிந்தால் போதும். மற்றதை எதிரே நிற்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

நேயர்களே, உங்களில் பலர் கோயில் நிர்வாகத்தில் இருப்பீர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில், இளைஞர் மன்றத்தில் பொறுப்பில் இருப்பீர்கள். நாளை உங்கள் இயக்கத்துக்கும் யாராவது ஓர் இணையப் பாரம் செய்து கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொள்ளும் முன் உங்கள் ஐசியில் உள்ளபடி உங்கள் பெயரை அதில் எழுதிப் பாருங்கள். பிறகு வேறு எழுத்தில் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மறு ஆண்டு அந்த ஏற்பாட்டுக்காரர்கள் பாரத்தை மாற்றினார்கள். நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். ‘பெயர் இல்லை’ என்ற வரியை எடுத்துவிட்டு, ‘இந்த எழுத்தில் கிடைக்கவில்லை, இவர்களில் ஒருவரா?’ என்று போடச் சொன்னேன். எதிரே ஓர் ஆள் ஐசியோடு நிற்கும்போது, அவர் இல்லை என்று சொல்லக் கணினிக்கு உரிமை கிடையாது.