தொண்டாமுத்தூர் திராட்சைக்கும் ஒரு பெயர் வேண்டும்

ஊத்துக்குளி என்றால் வெண்ணெய். சென்னிமலை என்றால் பெட்ஷீட். பவானி என்றால் ஜமுக்காளம், நெகமம் என்றால் சேலை. பொருளுக்கு முன்னால் ஊரைச் சொல்லி விற்பதில் கொங்கு மண்ணுக்கு இணையில்லை. அப்படிப்பட்ட நாம், நம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் விளையும் ஒரு பழத்தை மட்டும் பெயரில்லாமல் விட்டுவிட்டோம். தொண்டாமுத்தூர், மாதம்பட்டி, தீத்திபாளையம், குப்பனூர் பக்கம் பந்தலில் தொங்கும் பன்னீர் திராட்சையைத்தான் சொல்கிறேன்.

ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். கருநீலப் பழத்தின் மேல் வெண்சாம்பல் படர்ந்திருக்கும். விரல் பட்டால் அழியும். பலரும் மருந்து என்று பயப்படும் அந்தப் படலத்தில் பெரும்பகுதி பழம் தானே சுரக்கும் மெழுகுதான். கடித்தால் முதலில் எழுவது வாசனை, பிறகுதான் இனிப்பு, கடைசியில் மெல்லிய புளிப்பு. ஆனால் கடையில் நிற்பவர்களின் முதல் கேள்வி, "சீட்லெஸ் இல்லையா?" என்பதுதான். விதை இருக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காக, இத்தனை மணமுள்ள பழம் இரண்டாம் தரமாகிவிடுகிறது.

இதன் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். குளிர்நாட்டில் இந்தக் கொடி பனிக்காலம் முழுக்க உறங்கும். இங்கே அதற்கு உறக்கமே கிடையாது. எப்போது காய்க்க வேண்டும் என்பதைக் கவாத்துக் கத்தரிதான் முடிவு செய்கிறது. கவாத்து முடிந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் அறுவடை. பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடிக்கும். ஈரம் நின்றால் அடிச்சாம்பல் நோய் இலையைத் தின்னும். இதோடு ஆள் பற்றாக்குறையும் மலையிலிருந்து இறங்கும் யானைகளும் சேர்ந்துகொள்ள, பந்தலைப் பிரித்துவிட்டுப் பாக்கு வைத்தவர்கள் பலர்.

இதே பழத்துக்கு அமெரிக்காவில் வேறு மரியாதை. அங்கே இதன் பெயர் பிளாக் மஸ்கட். கலிபோர்னியாவின் நடுச் சமவெளியில் மடேரா என்ற வெயில் பூமி. நாப்பா பள்ளத்தாக்கின் புகழில் பத்தில் ஒரு பங்குகூட அதற்கு இல்லை. அங்கே குவாடி என்ற சிறு ஒயின் ஆலை, பிளாக் மஸ்கட்டிலிருந்து 'எலிசியம்' என்ற இனிப்பு ஒயினைச் செய்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு சிறு கோப்பையில் பரிமாறும் வகை. ரோஜா மணமே அதன் அடையாளம். அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்களில் ஒயின் அருந்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பழக்கம் இல்லாதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டாம். மது உடலுக்குக் கேடு என்பதில் ஒயினுக்கு விலக்கு இல்லை.

நாப்பா 1976ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த ஒயின் சுவைப் போட்டியில் பிரெஞ்சு ஒயின்களை வென்று உலகப் புகழ் பெற்றது. அதன் கேபர்னே சாவிஞோன் ஒயின் இன்றும் நம்பி வாங்கக்கூடியது, விலைதான் அதிகம். எனக்கு அதைவிடப் பிடித்தவை, "இங்கே விளையாது" என்று கைவிடப்பட்ட மண்ணிலிருந்து வந்தவை. ஆரிகன் மாநிலத்தின் வில்லாமெட் பள்ளத்தாக்கு பினோ நுவார் திராட்சைக்கு ஆகாத குளிர் என்றார்கள். டேவிட் லெட் என்பவர் 1965இல் அங்கே நாற்று வைத்தார். 1979இல் பாரிஸில் நடந்த ஒயின் ஒப்பீட்டில் அவருடைய ஒயின் முதல் பத்துக்குள் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் பகுதியில் ஐரோப்பியக் கொடி பனியில் செத்துவிடும் என்றார்கள். உக்ரைனிலிருந்து வந்த கான்ஸ்டன்டின் ஃபிராங்க், குளிர் தாங்கும் வேர்க்கொடியில் ஒட்டுக்கட்டி ரீஸ்லிங் திராட்சையை வாழவைத்தார். அந்த ரீஸ்லிங்கின் கூர்மையான புளிப்பு நம் காரச் சமையலுக்கும் ஈடுகொடுக்கும். மிசௌரியின் ஹெர்மன் நகரத்து நார்ட்டன் திராட்சை, அமெரிக்க மண்ணிலேயே பிறந்த இனம். அதன் ஒயின் 1873இல் வியன்னாவில் பரிசு பெற்றது. 1920இல் மதுவிலக்கு வந்ததும் அங்கே ஒயின் தொழிலே படுத்துவிட்டது. அவ்வூர் ஸ்டோன் ஹில் ஒயின் ஆலையின் நிலவறையில் காளான் வளர்த்தார்கள்; 1965இல்தான் அது மறுபடி ஒயின் ஆலையானது.

எல்லாவற்றிலும் ஒரே பாடம்தான். மண்ணுக்கு ஏற்ற ரகம் எது என்று கண்டுபிடித்தார்கள், அதை விடாமல் வளர்த்தார்கள், புட்டியின் மேல் ஊரை எழுதினார்கள்.

நமக்கும் அமெரிக்காவுக்கும் வேர் வழியாகவே ஒரு சொந்தம் உண்டு. உப்பு மண்ணையும் வறட்சியையும் தாங்க, நம் நாட்டுத் தோட்டங்களில் ஒட்டுக்கட்டப் பயன்படும் 'டாக்ரிட்ஜ்' வேர்க்கொடி டெக்சாஸ் காட்டுத் திராட்சை. அந்த மாநிலத்தின் காட்டுக் கொடிகளைத் தேடித் தேடிச் சேர்த்த டி.வி. மன்சன் என்பவரின் உழைப்பு, வேர்ப்பூச்சியால் அழிந்துகொண்டிருந்த பிரான்ஸின் தோட்டங்களை மீட்கவும் உதவியது. அதற்காக 1888இல் பிரெஞ்சு அரசு அவருக்கு விருது கொடுத்தது.

பெயர் வேண்டுமென்றால் மது காய்ச்ச வேண்டும் என்பதில்லை. சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது, 1937இல், நம் சேலம் மாவட்டத்தில். அந்த உணர்வு இங்கே ஆழமானது; நானும் அதை மதிக்கிறேன். மது இல்லாமல் பெயரெடுக்கவும் அமெரிக்காவிலேயே வழி இருக்கிறது. மது வேண்டாம் என்ற கொள்கை உடைய தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர், 1869இல் தேவாலய வழிபாட்டுக்காகத் திராட்சைச் சாற்றைப் புளிக்காதபடி சூடாக்கிப் புட்டியில் அடைத்தார். அவர் எடுத்துக்கொண்ட திராட்சை, மாசசூசெட்ஸில் உருவான கான்கார்டு. விதை உண்டு, வாசனை உண்டு, பிறந்த ஊரின் பெயரும் உண்டு. அந்தச் சாறு பெரும் தொழிலாக வளர்ந்தது.

கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. தேனிக்காரர்கள் செய்ததை நாம் ஏன் செய்யக்கூடாது? கரும்பு ரகங்களுக்குக் 'கோ' என்று தன் பெயரைக் கொடுத்து வட இந்தியா வரை அனுப்பிய ஊர் கோவை. வேளாண் பல்கலைக்கழகம் தொண்டாமுத்தூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. விவசாயிகள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, பெட்டியில் ஊர்ப்பெயரையும் அறுத்த தேதியையும் அச்சிடலாம். விலை விழும் வாரத்தில் மிஞ்சும் பழத்தைச் சாறாக்க ஒரு பொது ஆலை அமைத்தால், கிடைத்த விலைக்குத் தள்ளிவிடும் நிலை மாறும்.

வாங்குகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. காம்பு பச்சையாக இருக்கும் கொத்தாக எடுங்கள். மிக்சியில் அரைத்தால் விதை உடைந்து கசக்கும். கொஞ்சம் தண்ணீர் விட்டு மிதமாகச் சூடாக்கி, மசித்து, வடிகட்டிக் குடியுங்கள். முக்கியமாக, "எந்த ஊர்ப் பழம்?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அவர் மண்டியில் கேட்பார், மண்டிக்காரர் தோட்டத்தில் கேட்பார். அந்தக் கேள்வி தோட்டம் வரை போனால்தான், இருக்கிற பந்தலாவது நிலைக்கும்.