விமானியின் கண்ணும் கையும்

மும்பை காந்திவிலியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில், கேப்டன் அமோல் யாதவ் என்னும் விமானி ஆறு பேர் அமரக்கூடிய ஆகாய விமானம் ஒன்றைக் கட்டி, 2016 பிப்ரவரியில் பாந்திரா-குர்லா வளாகத்துக் கண்காட்சியில் நிறுத்தியதை அன்பர்கள் பலர் அறிந்திருப்பீர்கள். வீட்டில் விமானம் கட்டுவோரைப் பற்றிய கட்டுரை எது அகப்பட்டாலும் அதை வாசிப்பது அன்றுமுதல் எனக்கு வழக்கமாயிற்று. ரயில்வேக் குமாஸ்தாவுக்கு விமானத்தில் என்ன வேலை என்று என் மனைவி கேட்பதுண்டு. இறக்கையும் இயந்திரமும் எனக்குப் பாதிதான் விளங்குகின்றன. விமானியின் எதிரே நிற்கும் கருவிப் பலகையோ நன்றாக விளங்குகிறது.

அது பெரும்பாலும் ஓர் அலுமினியத் தகடுதான். அதில் வட்டத் துளைகளிட்டுக் கருவிகளைப் பொருத்துவார்கள். பெரிய கருவிக்கு 3⅛ அங்குலம், சிறியதற்கு 2¼ அங்குலம் என்று அளவும் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. எதை எங்கே வைப்பது என்பதற்கும் மரபு உண்டு. மேல் வரிசையில் இடமிருந்து வலமாக வேகங்காட்டி, தொடுவானங்காட்டி, உயரங்காட்டி. நடுவிலுள்ளதன் நேர்கீழே திசைகாட்டி. தொடுவானங்காட்டிக்கு நடு இடம் ஏனெனில், மேகத்துள் புகுந்த விமானிக்கு அவருடைய உடலே பொய் சொல்லும். விமானம் சாய்ந்திருக்க, நேராகச் செல்வதாகவே நம்புவார். அந்த ஒரு கருவியே அப்போது அவருக்கு வானமும் பூமியும். 1929 செப்டம்பர் 24ஆம் நாள் ஜிம்மி டூலிட்டில் என்னும் அமெரிக்கர், வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய இருக்கையில் அமர்ந்து, கருவிகளை மட்டும் நோக்கிப் புறப்பட்டுப் பறந்து தரையிறங்கிக் காட்டினார்.

இயந்திரத்தின் எண்ணெய் அழுத்தம், வெப்பம் முதலியவற்றைக் காட்டும் சிறு கருவிகளைப் பொருத்துவதில் சிலர் கையாளும் உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாம் ஒழுங்காயிருக்கையில் முட்கள் யாவும் ஒரே திக்கை நோக்கி நிற்கும்படி, கருவியையே சற்றுத் திருப்பிப் பொருத்திவிடுகிறார்கள். எண்களைப் படிக்க வேண்டியதே இல்லை; வரிசையில் ஒரு முள் பிசகி நின்றால் கண் உடனே பிடித்துவிடும்.

கண்ணுக்குச் சொன்னது கைக்கும் பொருந்தும். அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்து பழகியவர். அவர் புதிதாக வாங்கிய லாங்-ஈஸி என்னும் சிறு விமானம், பர்ட் ருட்டானின் வரைபடத்தைக் கொண்டு வேறொருவர் கட்டியது. இரு தொட்டிகளில் எதிலிருந்து எரிபொருள் வரவேண்டும் என்று மாற்றும் கைப்பிடியை, விமானியின் கால்களுக்கு நடுவே வைக்கச் சொல்லியிருந்தது வரைபடம். கட்டியவரோ அதை விமானியின் இடத் தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எரிபொருள் குழாய் ஆள் அமரும் அறைக்குள் வரலாகாது என்பது அவர் எண்ணம். எண்ணத்தில் தவறில்லை. ஆனால் கைப்பிடியில் குறிகள் இல்லை. எரிபொருள் அளவு காட்டும் கண்ணாடியும் முதுகுப்புறத்தில்தான்! கை எட்டவில்லையென்று, புறப்படுமுன் ஓர் இடுக்கியை மாட்டிக் கைப்பிடியை நீட்டிப் பார்த்தும் பயனில்லை. பின்னால் உள்ள அளவைப் பார்த்துக்கொள்ள ஒரு சிறு முகக்கண்ணாடியும் கொடுத்தார்களாம்.

1997 அக்டோபர் 12ஆம் நாள் கலிபோர்னியாக் கடற்கரையருகே அவ்விமானம் கடலில் வீழ்ந்தது. டென்வர் உயிர் நீத்தார். அந்தக் கைப்பிடியைப் பிடிக்க உடலைத் திருப்பினால் வலக்கால் தானாகவே மிதியை அழுத்திவிடும் என்பதை விசாரணையாளர்கள் கண்டனர். கைப்பிடி வைக்கப்பட்ட இடமும், குறியில்லாமையும், அவ்விமானத்தில் அவருக்குப் போதிய பயிற்சியின்மையும் காரணங்களுள் சேர்க்கப்பட்டன.

இதை வாசித்த இரவு எனக்குப் பழைய சிக்னல் கேபின்கள் நினைவுக்கு வந்தன. கைகாட்டியை இயக்கும் நெம்புகோலுக்குச் சிவப்பு, தண்டவாளம் மாற்றுவதற்குக் கறுப்பு, பூட்டுக்கு நீலம், வேலையற்றதற்கு வெள்ளை எனச் சாயம் பூசியிருப்பார்கள். அழகுக்காகப் பூசியது என்றே சிறு வயதில் நான் எண்ணியிருந்தேன்.

விமானம் கட்டுவோரில் அனுபவசாலிகள் தகட்டைத் தொடுமுன் அட்டையை எடுக்கிறார்கள். கருவிகளின் படங்களைக் காகிதத்தில் வெட்டி அட்டையில் ஒட்டி, உரிய இடத்தில் நிறுத்தி, இருக்கையில் அமர்ந்து வாரைப் பூட்டிக்கொள்கிறார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, எரிபொருள் கைப்பிடி எங்கே, தீப்பொறி விசை எங்கே என்று கையால் தொட்டுப் பார்ப்பார்கள். தட்டுப்படாததைக் கிழித்து வேறிடத்தில் ஒட்டி, மறுபடி கண்ணை மூடுவார்கள். இப்படியே வாரக்கணக்கில் நடக்கும். தகட்டில் முதல் துளை விழுவது அதற்குப் பிறகுதான்.