சத்துணவுத் தட்டும் பள்ளி வாசல் கடையும்

குழந்தைப் பருவ உடல் பருமன் என்பது வயதுக்கும் உயரத்துக்கும் மிஞ்சிய கொழுப்பு உடலில் சேர்ந்துவிட்ட நிலை. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை குறியீடு கிடைக்கும். பெரியவர்களுக்கு இந்த எண் 25ஐத் தொடும் வரை இயல்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தைகளுக்கு அப்படி ஒரே எல்லை கிடையாது. வயதுக்கு வயது மாறும். பத்து வயதுப் பையன் ஒருவன் 140 செ.மீ. உயரம், 45 கிலோ எடை என்றால் அவனுடைய குறியீடு 23. பெரியவருக்கு அது நல்ல கணக்கு. அந்தப் பையனோ, அதே நிறுவனத்தின் அட்டவணைப்படி, பருமன் எல்லையைத் தாண்டிவிட்டவன். வீட்டில் அவனைப் 'பிள்ளை புஷ்டியா இருக்கான்' என்றுதான் சொல்வார்கள். நோய் கண்ணில் படாமல் வளர இந்த ஒரு சொல்லே போதும்.

2000ஆம் ஆண்டில் உலகில் 5 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 3 சதவீதம் பேரே பருமனானவர்கள். 2025 செப்டம்பரில் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை அது 9.4 சதவீதம் ஆகிவிட்டது என்றது. எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம். பருமனானவர்களின் எண்ணிக்கை மெலிந்தவர்களின் எண்ணிக்கையை மிஞ்சியது அதுவே முதல் முறை. இந்தியாவில் நிலைமை இன்னும் சிக்கலானது. 2016-18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 24 சதவீதம் பேர் மெலிந்தும் 5 சதவீதம் பேர் எடை கூடியும் இருந்தார்கள். ஒரே பெஞ்சில் இரு வகைப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பெரியவர்களின் கணக்கு எச்சரிக்கையாகவே இருக்கிறது. 2015-16இல் 30.9 சதவீதமாக இருந்த எடை கூடிய பெண்களின் பங்கு, 2019-21இல் 40.4 சதவீதம் ஆனது. அந்த வீடுகளின் அடுப்பில் ஆவதைத்தான் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள்.

இந்திய உடலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பிறக்கும்போது எடை குறைவாக இருக்கும் நம் குழந்தைகளின் உடலிலும் தசையைவிடக் கொழுப்பின் பங்கு கூடுதலாக இருப்பதைப் புனேயில் மருத்துவர் சி.எஸ். யாக்னிக்கின் ஆய்வுகள் காட்டின. வயிற்றில் இருக்கும்போது பட்டினி அறிந்த குழந்தை, பிறகு வேகமாக எடை போட்டால் சர்க்கரை நோய்க்கு வழி பிறக்கிறது. பருமனான பிள்ளையின் பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணிபோலக் கருமை படர்வதுண்டு. அழுக்கு என்று நினைத்துத் தாய்மார் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளமாக அது இருக்கலாம். காட்ட வேண்டிய இடம் மருத்துவமனை.

இந்த நிலையில் அரசுப் பள்ளியின் சமையல்கூடத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அது பசியை விரட்டப் பிறந்தது. 1920இல் நீதிக்கட்சியின் பி. தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்தது. சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் கார் நின்றபோது மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனைப் பள்ளிக்கூடம் போகவில்லையா என்று காமராசர் விசாரித்ததும், சோறு யார் போடுவார் என்று அவன் திருப்பிக் கேட்டதும் தாமிரபரணிக் கரையில் இன்றும் சொல்லப்படும் கதை. 1956இல், அன்று திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த எட்டயபுரத்தில், காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1989இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக வந்த முட்டை, 2010இல் வாரம் ஐந்து ஆனது. 2013இல் ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதங்களும் மசாலா முட்டையும் வந்தன. 2022 செப்டம்பர் 15 அன்று ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவுத் திட்டத்தை மு.க. ஸ்டாலின் மதுரையில் தொடங்கினார்; அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

பள்ளிச் சோற்றால் பிள்ளைகள் குண்டாகிறார்கள் என்று சொல்வது தவறு. தேசிய அளவுகோலின்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும் தர வேண்டும். அதற்கு அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம். பத்து வயதுப் பிள்ளைக்கு அது ஒரு நாள் தேவையில் கால் பங்கு அளவே. 2025இல் ஒன்றிய அரசு, இந்த உணவில் எண்ணெயை 10 சதவீதம் குறைக்கச் சொன்னது. ஐந்து கிராமில் பத்து சதவீதம் அரை கிராம். குறை இருப்பது வேறு இடத்தில். 450 கலோரியில் ஏறத்தாழ 350 கலோரி அரிசியிலிருந்தே வருகிறது. காய்கறி விலை ஏறும் மாதங்களில் அந்த 50 கிராம் எளிதாகச் சுருங்கிவிடும். சாம்பாரில் பெரிய துண்டாக மிதக்கும் கத்தரிக்காயும் கேரட்டும் தட்டின் ஓரத்துக்கு ஒதுங்கிக் கடைசியில் கழுவுகிற இடத்தில் கொட்டப்படுகின்றன. பொடியாக நறுக்கி, பருப்போடு சேர்த்துக் குழைய வேகவைத்தால் பிள்ளைகளால் ஒதுக்க முடியாது. நெல்லைச் சீமையின் கூட்டாஞ்சோறு அப்படிப்பட்ட பண்டம்: அரிசி, பருப்பு, முருங்கைக்கீரை, நாட்டுக் காய்கள் எல்லாம் ஒரே பானையில்.

உண்மையான ஆபத்து பள்ளி வாசலில் தொங்குகிறது. இடைவேளை மணி அடித்ததும் பெட்டிக்கடையில் கைகள் நீளும். சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய் பாக்கெட்டுகளில் மாவும் பாமாயிலும் உப்பும்தான் அதிகம். 200 மி.லி. குளிர்பானத்தில் ஏறத்தாழ 20 கிராம் சீனி இருக்கும், அதாவது நான்கைந்து டீஸ்பூன். நாளெல்லாம் சேர்த்தே இத்தகைய சீனி 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மென்று தின்னாமல் குடித்து இறங்கும் சீனி வயிற்றை நிரப்பாது. மதியச் சோற்றையும் பிள்ளை குறைக்காது. கொழுப்பு, உப்பு, சீனி மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி வகுத்தது. 2021 ஜூலை முதல் அது நடைமுறையில் இருக்க வேண்டும். புகையிலைக்குப் பள்ளி அருகே தடை இருப்பது எல்லோருக்கும் தெரியும். சிப்ஸுக்கும் குளிர்பானத்துக்கும் தடை இருப்பது கடைக்காரருக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது.

கடை நோக்கிப் பிள்ளைகளை விரட்டுவது பெரும்பாலும் வெறும் வயிறு. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. வளர்ச்சி வேகமெடுக்கும் ஆறாம் வகுப்பில், தொலைவிலுள்ள பள்ளிக்கு முதல் பஸ் பிடிக்கும் பிள்ளை காப்பியோடு கிளம்பிவிடும். பதினொரு மணி இடைவேளையில் அதன் கையில் இருப்பது பத்து ரூபாய். காலை உணவை எட்டாம் வகுப்பு வரைக்காவது நீட்டுவது, பருமனைத் தடுக்கும் செலவாகவும் கணக்கில் வர வேண்டும். ரவையும் சேமியாவும் மாறி மாறி வரும் அந்தப் பட்டியலில் கம்பும் கேழ்வரகும் உளுந்தும் இடம் பெற்றால் இன்னும் நல்லது.

விளையாட்டைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 5 முதல் 17 வயது வரை நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும். தேர்வு நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஒழிய வேண்டும்.

பிற நாடுகள் வழி காட்டியிருக்கின்றன. ஜப்பானில் பள்ளி உணவு பாடத்தின் ஒரு பகுதி. பிள்ளைகளே பரிமாறி, ஆசிரியரோடு வகுப்பறையில் அதே உணவை உண்கிறார்கள். மெக்சிகோ 2025 மார்ச்சில் பள்ளிகளுக்குள் நொறுக்குத் தீனி விற்பனையைத் தடை செய்தது. பிரேசில் 2009இல் இயற்றிய சட்டம், பள்ளி உணவுக்கான ஒன்றிய நிதியில் குறைந்தது 30 சதவீதம் சிறு விவசாயிகளிடம் பொருள் வாங்கச் செலவாக வேண்டும் என்றது.

கடைசியாகச் சொன்னது, சேரன்மகாதேவிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் மணிமுத்தாறு போன்ற ஊர்களுக்கு நேராகப் பொருந்தும். சுற்றிலும் தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும். கொஞ்ச தூரத்தில் கடையத்து எலுமிச்சை, பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை. இடைவேளையில் ஒரு வாழைப்பழமோ ஒரு கை அவித்த கடலையோ கொடுப்பதற்கு வெளியூர்ச் சரக்கு தேவையில்லை. அரசுப் பள்ளிகளில் பெற்றோர் இடம்பெறும் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் பெற்றோர் மூன்றைக் கேட்கலாம்: இன்று தட்டில் காய்கறி எவ்வளவு, வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் என்ன விற்கிறது, பிள்ளைகளின் உயரமும் எடையும் கடைசியாக எப்போது அளக்கப்பட்டன. மூன்றுக்கும் பதில் சொல்லும் கடமை பள்ளிக்கு இருக்கிறது.